கடலில் இறங்கிய காலடிப்பேட்டைத் துணி

காலடிப்பேட்டைத் தறியிலிருந்து அறுத்தெடுத்த துணி லண்டன் ஏலக்கூடத்தை எட்ட ஏறக்குறைய ஆறு மாதம் கடலில் கிடக்க வேண்டும். நெய்தவர்களையும் அவர்களைக் குடியமர்த்திய கவர்னரையும் சென்ற வாரம் பார்த்தோம். இடையில் அந்தத் துணியைச் சுமந்தவர்கள் யார்? வடசென்னையின் வரலாற்றில் என் மனசுக்கு மிகவும் நெருக்கமான கூட்டம் அதுதான். கவர்னர்களைப் பற்றி எழுதக் குறிப்புகள் குவிந்து கிடக்கின்றன. இவர்களைப் பற்றி எழுத, பிறர் போகிறபோக்கில் எழுதிவைத்த வரிகளைத்தான் பொறுக்கிச் சேர்க்க வேண்டியிருக்கிறது.

கவர்னர் ஜோசப் காலெட்டுக்குக் கடலின் அருமை நன்றாகவே தெரியும். 1711இல் அவர் கீழைநாட்டுக்கு வரும் வழியில் பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவில் தங்கியிருந்தபோது, பிரெஞ்சுத் தளபதி துகே த்ருவேன் அந்த நகரத்தையே பிடித்தார். காலெட்டும் மாட்டிக்கொண்டார். அதிலிருந்து மீண்டு சுமத்ராவின் பென்கூலனுக்குப் போய்ப் பதவி வகித்துவிட்டு, 1717இல் சென்னைக்குக் கவர்னராக வந்தார். திருவொற்றியூர் உள்ளிட்ட ஐந்து ஊர்கள் 1708இலேயே நவாப் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கொடுத்தவை. அவற்றை உண்மையில் கைக்குக் கொண்டுவந்தவர் காலெட். திருவொற்றியூருக்குத் தெற்கே நெசவாளரையும் துணியில் சாயம் எழுதுவோரையும் அவர் குடியேற்றிய ஊருக்கு அவர் பெயரே நின்றுவிட்டது: காலெட்பேட்டை, பேச்சில் காலடிப்பேட்டை.

இங்கிருந்து புனித ஜார்ஜ் கோட்டை சில கிலோமீட்டர் தொலைவு. துணியை வெளுத்துத் தந்தவர்களின் வண்ணாரப்பேட்டையும் இதே பக்கத்தில்தான். வெளுத்து, தரம் பிரித்து, மூட்டை கட்டிக் கடற்கரைக்குக் கொண்டுவந்த பிறகுதான் பெரிய சோதனை. சென்னைக்கு அன்று துறைமுகம் கிடையாது. கரைக்கு வெகுதூரம் தள்ளி ஆழ்கடலில் கப்பல் நங்கூரம் போட்டு நிற்கும். நடுவே, வரிசை வரிசையாக உடையும் அலைகள். ஐரோப்பியப் படகுகள் அந்த அலைகளுக்குள் வந்தால் மணலில் மோதிச் சிதறும்.

சரக்கு ஏற்ற அங்கே வேலைக்காகும் ஒரே கலம் மசூலா படகு. அதில் ஓர் ஆணி கிடையாது. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். தரை தட்டும்போது உடம்பு முழுக்க ஓலைப்பெட்டி போல வளைந்துகொடுத்து அடியை வாங்கிக்கொள்ளும். பத்துப் பன்னிரண்டு பேர் துடுப்புப் போட, பின்னால் நீண்ட துடுப்பைப் பிடித்து நிற்பவர் தண்டல். எந்த அலையை விட வேண்டும், எந்த அலையின் முதுகில் ஏற வேண்டும் என்று முடிவெடுப்பவர் அவர். அவர் குரலுக்கேற்பத் துடுப்புக்காரர்கள் பாடும் பாட்டின் வேகம் கூடும். பாட்டுக்கேற்பத் துடுப்பு விழும். தையல் வழியாகக் கசியும் தண்ணீரை ஓயாமல் இறைத்துக் கொட்டுவதற்கும் ஆள் வேண்டும். துணிமூட்டை நனைந்தால் அத்தனை பேர் உழைப்பும் பாழ்.

பக்கத்தில் கட்டுமரக்காரர்கள். அலையில் விழுந்தவர்களைத் தூக்கி எடுப்பவர்கள் இவர்களே. கப்பலுக்குப் போகும் கடிதத்தை ஓலைத் தொப்பிக்குள் செருகிக்கொண்டு, மசூலாகூட இறங்கத் தயங்கும் கடலில் இவர்கள் இறங்கினார்கள். இந்தக் கரையின் அஞ்சல்காரர்களும் இவர்கள்தாம்.

இனி கப்பல். இங்கிலாந்துக்குப் போன கம்பெனிக் கப்பல்கள் பெரும்பாலும் ஏட்டில் 500 டன்னுக்குக் கீழேதான். 500 டன்னைத் தொட்டால் ஒரு பாதிரியாரை ஏற்றிச் செல்ல வேண்டும் என்ற விதி இருந்ததால் 499இல் நிறுத்திக்கொண்டார்கள்! ஏறக்குறைய நூறு ஆட்கள். கேப்டன், அவருக்குக் கீழே மேட்டுகள் எனும் துணை அதிகாரிகள், பீரங்கிக்காரர், தச்சர், பீப்பாய் செய்பவர், பாய் தைப்பவர், வைத்தியர், சமையல்காரர் என்று ஆளுக்கொரு வேலை. அடித்தளத்தில் பாரத்துக்கு நம் செம்மரம். கசியும் தண்ணீர் எட்டாத உயரத்தில் துணி.

வரும் வழியில் நோயில் செத்தவர்களின் இடத்தை நிரப்ப இந்தியக் கரையில் ஆள் எடுத்தார்கள். அவர்களுக்கு லஸ்கர் என்று பெயர். அவர்களுக்குள்ளும் படிநிலை உண்டு. ஆட்களைத் திரட்டி வருபவர் செராங்கு, அவருக்கு அடுத்தவர் தண்டல், திசை பிடிப்பவர் சுக்கானி, சோறாக்குபவர் பண்டாரி. கூலி பெரும்பாலும் செராங்கு கை வழியாகத்தான் வரும். அதில் எவ்வளவு கடைசி ஆளின் கைக்குப் போனது என்பது செராங்கின் மனசைப் பொறுத்தது. ஆங்கிலக் கப்பலின் மாலுமிகளில் முக்கால் பங்கு ஆங்கிலேயராக இருக்க வேண்டும் என்பது 1660ஆம் ஆண்டுச் சட்டம். அதனால், கப்பலை லண்டன் வரை ஓட்டிப்போன லஸ்கர், திரும்பும் கப்பல் கிடைக்காமல் அங்கே தெருவில் கிடந்தார். 1786இல் லண்டனில் ஏழைக் கறுப்பர்களுக்கான நிவாரணக் குழு தொடங்கப்பட்டதே, பட்டினியில் வாடிய இந்த லஸ்கர்களைப் பார்த்துத்தான். துணியை ஏலக்கூடம் வரை பத்திரமாகச் சேர்த்த ஆட்களைக் கம்பெனி குளிரில் விட்டுவிட்டது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம் வருகிறது.

காற்றும் ஓர் எஜமான். அக்டோபர் நடுவில் கோட்டைக் கொடிமரத்தை இறக்கினால், கப்பல்கள் இந்தக் கரையை விட்டு விலகிவிட வேண்டும் என்று பொருள். டிசம்பர் நடுவில்தான் மறுபடி ஏற்றுவார்கள். 1746 அக்டோபரில் சென்னையைப் பிடித்திருந்த பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி லா பூர்தொனேயின் கப்பல்கள் கரையருகே நின்றன. ஒரே புயலில் பல மூழ்கின. நூற்றுக்கணக்கான மாலுமிகள் போனார்கள்.

காலடிப்பேட்டைத் தறிகளுக்கு வேறொரு திசையிலிருந்து அடி வந்தது. இந்தியத் துணிக்கு எதிராக லண்டன் நெசவாளர்கள் 1719இல் கலவரம் செய்தார்கள். சாயமெழுதிய, அச்சடித்த பருத்தித் துணியை உடுத்தவே கூடாது என்று 1721இல் அங்கே சட்டம் வந்தது. காலெட் ஊர் திரும்பி ஓராண்டு ஆகியிருந்தது. வெள்ளைத் துணி தொடர்ந்து போனது. சாயம் எழுதியவர்கள் வேறு சந்தைகளை நம்ப வேண்டியதாயிற்று.

படகுக்காரர்களின் தொழில் இன்னும் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் நின்றது. 1829இல் ராயபுரத்தில் புனித பேதுரு ஆலயத்தைக் கட்டி எழுப்பியவர்கள் கம்பெனிக்குப் படகு ஓட்டிய சமூகத்தாரே. அந்த அளவுக்குக் கையில் காசும் கட்டுக்கோப்பும் அவர்களிடம் இருந்தன. 1861இல் கடலுக்குள் இரும்புப் பாலம் நீண்டது. அடுத்து, துறைமுகச் சுவர்கள் எழத் தொடங்கின, 1881 புயல் அவற்றை நொறுக்கியது, மறுபடி கட்டினார்கள். சுவருக்குள் கடல் அடங்கியதும் மசூலாவுக்கு வேலை இல்லாமல் போயிற்று. தண்டல்களின் பேரப்பிள்ளைகள் சிலர் துறைமுகக் கூலிகளானார்கள், சிலர் மீன்பிடிப்போடு நின்றார்கள். அந்த ராயபுரத்துக்கு அடுத்த வாரம் போவோம்.

(தொடரும்)