பொன்னியும் மசூரியும்: வயற்பயிர்க் கல்வி கடந்து வந்த பாதை



நம் நாட்டுத் தமிழர் இல்லங்களில் பொன்னி அரிசியை அறியாத சமையலறை இருக்க முடியாது. கடையில் அதனை ‘ஊர் அரிசி’ என்றே பலர் கேட்டு வாங்குகின்றனர். பொன்னி என்பது காவிரியாற்றின் மற்றொரு பெயர். ஆதலால் அந்நெல் தஞ்சை மண்ணிலேயே தோன்றியது என எண்ணுவதில் வியப்பில்லை. ஆனால், அந்நெல்லின் தாய் தந்தையருள் ஒன்று நம் மலாயாவின் ‘மாயாங் எபோஸ் 80’. மற்றொன்று தைவான் நாட்டின் ‘தைச்சுங் 65’. நம் நாட்டில் ‘மசூரி’ என்னும் பெயருடன் வெளிவந்து, கடல் கடந்து சென்று, பொன்னி என்னும் பெயருடன் நம் தட்டுக்கே திரும்பி வந்துள்ளது!

இச்செய்தியை முதன்முதலில் படித்தபோது எனக்கு ஒரு கேள்வி எழுந்தது. இவ்வேலையையெல்லாம் செய்தவர்கள் எங்கே, எதைப் படித்தவர்கள்? அதனைத் தேடிப் புறப்பட்டபோதுதான் ‘வயற்பயிர் உற்பத்தியும் மேலாண்மையும்’ என்னும் கல்லூரிப் பாடத்தின் வரலாறு கண்ணில் பட்டது. நெல், சோளம், நிலக்கடலை, பயறு போன்று பருவந்தோறும் விதைத்து அறுப்பவை வயற்பயிர்கள். நமக்கு நன்கு பழக்கமான பால்மரமும் செம்பனையும் பல்லாண்டு நின்று பலன் தரும் தோட்டப்பயிர்கள். நம் சமூகம் இந்நாட்டில் பெரும்பாலும் இரண்டாம் வகையோடுதான் வாழ்ந்தது. முதல் வகையைப் பற்றி நம்மிடையே பேச்சுக் குறைவாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்பேன்.

உழவுத் தொழில் பல்லாயிரம் ஆண்டு பழமையானது. அது கல்லூரிப் பாடமானதோ மிக அண்மைக் காலத்தில்தான். 1843-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ரோத்தம்ஸ்டெட் என்னுமிடத்தில் ஜான் லாஸ் என்னும் நிலவுடைமையாளரும் கில்பர்ட் என்னும் வேதியியலாரும் ஒரு கோதுமை வயலைப் பல பாத்திகளாகப் பிரித்தனர். ஒன்றுக்குத் தொழுவுரம் இட்டனர். சிலவற்றுக்கு வெவ்வேறு இரசாயன உரங்களை இட்டனர். ஒன்றுக்கு எதுவுமே இடவில்லை. ‘பிராட்பால்க்’ எனப்படும் அந்த வயலில் இன்றும் ஆண்டுதோறும் கோதுமை விதைக்கப்படுகிறது. ஒன்றும் இடாத பாத்தி இன்றும் ஒன்றும் பெறாமலேயே சிறிதளவு விளைந்துகொண்டிருக்கிறது! ‘இதைச் செய்தால் விளையும்’ என்று சொல்வதோடு நில்லாமல், அதைச் செய்யாத பாத்தியையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுக் காட்டும் இம்முறையே வேளாண் கல்விக்கு அடித்தளமாயிற்று. அமெரிக்காவில் 1862-ஆம் ஆண்டின் மோரில் சட்டம் வேளாண் கல்லூரிகளை நிறுவுவதற்காக மாநிலங்களுக்கு நிலம் வழங்கியது. சென்னை சைதாப்பேட்டையில் 1868-இல் தொடங்கிய வேளாண் பள்ளி 1906-இல் கோயம்புத்தூருக்கு இடம் பெயர்ந்தது.

நம் நாட்டுக்கு வருவோம். மலாயாவில் காலனி ஆட்சியின் கவனமெல்லாம் இரப்பரின்மீதே இருந்தது. இரப்பர் ஆய்வுக்கென்று 1925-இலேயே தனிக் கழகம் ஏற்படுத்தப்பட்டது. உண்ணும் அரிசியோ பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் கப்பலில் வந்தது. இந்நிலையில்தான் 1931-ஆம் ஆண்டு மே மாதம் 21-ஆம் நாள், செர்டாங்கில் 22 ஏக்கர் நிலத்தில் வேளாண் பள்ளி திறக்கப்பட்டது. ஜான் ஸ்காட் என்னும் ஆட்சி அதிகாரி அதனைத் திறந்து வைத்தார். உலகப் பொருளாதார மந்தத்தால் இரப்பர் விலை வீழ்ந்து, தோட்டங்களில் ஆட்குறைப்பு நடந்துகொண்டிருந்த காலம் அது.

பிறகு 1942 முதல் 1945 வரையிலான ஜப்பானியர் ஆட்சிக் காலம். அரிசிக் கப்பல்கள் நின்றன. மரவள்ளிக் கிழங்கை உண்டு உயிர் பிழைத்த கதையைச் சொல்லாத தாத்தா பாட்டி நம் குடும்பங்களில் உண்டோ? இரப்பரை உண்ண முடியாது என்பதை நாடு முழுவதும் வயிற்றால் உணர்ந்த காலம் அது. போர் முடிந்த பின், 1947-இல் செர்டாங் பள்ளி கல்லூரியாகத் தரம் உயர்த்தப்பட்டது. அக்கல்லூரியும் மலாயாப் பல்கலைக்கழகத்தின் வேளாண் புலமும் இணைந்து 1971-ஆம் ஆண்டு அக்டோபரில் மலேசிய வேளாண் பல்கலைக்கழகம் உருவாயிற்று. கோவைக் கல்லூரி தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமானதும் அதே 1971-இல்தான். செர்டாங் பல்கலைக்கழகம் 1997-இல் புத்ரா பல்கலைக்கழகம் எனப் பெயர் மாற்றம் கண்டது.

இவ்விடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன்னர், வேளாண்மைப் பட்டயக் கல்விக்கு இடம் கிடைத்த என் முன்னாள் மாணவி ஒருத்தியின் தாயார் என்னைக் காண வந்தார். “டீச்சர், தோட்டத்த விட்டு வெளியே வரணும்னுதானே இதுகள படிக்க வெச்சோம்? மறுபடியும் மண்ணுக்கே போகவா காலேஜு?” என்று கேட்டார். அந்த அம்மாவின் கேள்வியை அறியாமை என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. நான்கு தலைமுறை அனுபவம் அக்கேள்வியில் இருக்கிறது. விடியற்காலையில் பால் வெட்டினால் மிகுதியாக வடியும் என்பது நம் பாட்டிமாருக்குத் தெரியும். வெயில் ஏறுமுன் மரத்தின் பாற்குழாய்களில் அழுத்தம் அதிகம் என்னும் காரணத்தை அவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. கத்தி அவர்கள் கையில் இருந்தது. எந்த நாளில், எந்த ஆழத்தில், எத்தனை நாளுக்கு ஒருமுறை வெட்டுவது என்னும் முடிவோ துரையின் அலுவலகத்தில் இருந்தது. தோட்டத் தமிழ்ப்பள்ளிகளும் தொடக்கக் கல்வியோடு நின்றன.

கல்லூரியில் கற்பிக்கப்படுவது அந்த ‘முடிவெடுக்கும்’ பகுதியைத்தான். எந்த இரகம், எப்போது விதைப்பது, எவ்வளவு நெருக்கமாக, எவ்வளவு உரம், நீரை எந்நாளில் வடிப்பது, களையை எந்தப் பருவத்தில் அடக்குவது, எப்போது அறுப்பது என்பவையே அப்பாடத்தின் உள்ளடக்கம். கேட்பதற்கு எளிதாகத் தோன்றும். இவற்றுள் ஒரே ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்வோம்: ‘எப்போது விதைப்பது?’

நெல் பொதுவாகப் பகற்பொழுது குறையும்போது பூக்கும் இயல்புடையது. நிலநடுக்கோட்டுக்கு அருகிலுள்ள நம் நாட்டில் பகல் எப்போதும் பன்னிரண்டு மணி நேரம்தானே என்று நாம் நினைப்போம். வகுப்பிலும் அவ்வாறே சொல்லிக் கொடுக்கிறோம். மலாக்காவில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ 14 நிமிடமே. அந்த 14 நிமிடத்தையும் நெற்பயிர் கண்டுகொள்கிறது! ‘சயாம் 29’ என்னும் பழைய இரகத்தை அங்கே ஆய்ந்து, டோர் என்பார் 1959-இல் முடிவுகளை வெளியிட்டார். செப்டம்பரில் விதைத்த பயிர் 161 நாளில் பூத்தது. ஜனவரியில் விதைத்த அதே இரகம் பூப்பதற்கு 329 நாள் எடுத்துக்கொண்டது. இரகம் ஒன்று, இடம் ஒன்று. விதைத்த நாள் மட்டுமே வேறு. ஓராண்டில் ஒரு போகத்துக்குமேல் நம் விவசாயிகள் விளைவிக்க இயலாமற்போனதற்குத் தண்ணீர்ப் பற்றாக்குறையோடு இதுவும் பெருங்காரணம். சோம்பேறித்தனம் என்று அக்காலத்தில் வெள்ளையர் எழுதி வைத்த பழிச்சொற்களை வாசிக்கும்போது எனக்கு இந்த 329 நாள்தான் நினைவுக்கு வரும்.

இத்தடையை உடைக்க வேண்டுமாயின் பகல் நீளத்தைப் பொருட்படுத்தாத நெல் தேவை. 1950-களில் ஐக்கிய நாட்டு உணவு வேளாண்மை நிறுவனத்தின் ஆதரவில், ஒடிசாவின் கட்டாக் நெல் ஆய்வு நிலையத்தில் ஒரு பெரும் முயற்சி நடந்தது. உரத்துக்கு நன்கு விளையும் ஜப்போனிக்கா நெல்லையும் நம் நாடுகளின் சுவைக்கும் தட்பவெப்பத்துக்கும் ஏற்ற இண்டிகா நெல்லையும் கலந்து, பிறந்த விதைகளை ஆசிய நாடுகளுக்கு அனுப்பினர். எத்தனையோ கலப்புகள், தேறியவை விரல்விட்டு எண்ணத்தக்கவை. தமிழ்நாட்டின் ஆடுதுறையில் தேர்ந்தெடுக்கப்பட்ட ‘ஏ.டி.டி. 27’ அவற்றுள் ஒன்று. தஞ்சையின் குறுவைப் பருவத்தில் அது புகழ் பெற்றது. நம் நாட்டில் தேறியவை இரண்டு: ‘மாலிஞ்சா’, ‘மசூரி’. மசூரி 1965-இல் வெளியிடப்பட்டது. லங்காவித் தீவின் மசூரி கதையை நம் மாணவர்கள் அறிவார்கள். அங்கே பாடாங் மட்சிராட்டில் எரிந்த அரிசியைக் காட்டுவார்களே, அக்கதையின் நாயகி பெயரையே இந்நெல்லும் தாங்கி நிற்கிறது.

மசூரி ஏறத்தாழ நான்கரை மாதத்தில் விளைந்தது. சோறும் சுவையாக இருந்தது. அதே காலத்தில் கெடாவில் மூடா பாசனத் திட்டம் உருவாகிக்கொண்டிருந்தது. 1966-இல் பணி தொடங்கி, மூடா, பெடு ஆகிய இரண்டு அணைகள் கட்டப்பட்டன. 1970-இல் இரண்டாம் போகத்துக்கும் வாய்க்காலில் நீர் வந்தது. சுமார் 96,000 ஹெக்டர் வயல்! விதையும் தண்ணீரும் ஒரே காலத்தில் வந்து சேர்ந்ததால்தான் இரு போகம் கைகூடியது. ஒன்று மட்டும் வந்திருப்பின் பயன் பெரிதாக இருந்திராது.

மசூரிக்கு ஒரு குறை உண்டு. தண்டு உயரமானது, உரத்தை அள்ளி இட்டால் கதிரின் பாரம் தாங்காமல் சாய்ந்துவிடும். ஆகவே குட்டை நெல் இரகங்கள் வந்ததும் நம் வயல்களில் அதன் இடம் சுருங்கியது. இந்தியாவிலோ அது ஆந்திரத்திலும் தமிழகத்திலும் பரவி வேரூன்றியது. கோவைப் பல்கலைக்கழகத்தார் அதிலிருந்து மேலும் தெரிவு செய்து 1986-இல் ‘மேம்படுத்தப்பட்ட வெள்ளைப் பொன்னி’யை வெளியிட்டனர்.

இத்தோடு கதை முடிந்ததென்று எண்ண வேண்டா. இளைஞர்கள் நகரங்களுக்குச் செல்ல, நாற்று நட ஆள் கிடைக்கவில்லை. 1980-களில் மூடா விவசாயிகள் நாற்று நடவைக் கைவிட்டு, விதையை நேரடியாக வயலில் தூவத் தொடங்கினர். கூலி மிச்சமாயிற்று. ஆனால், நாற்று நடவில் ஒரு மறைமுக நன்மை இருந்தது. நடும்போதே பயிர் வளர்ந்திருக்கும். வயலில் நீர் தேங்கி நிற்பதால் களை விதைகள் எளிதில் முளைக்க இயலாது. நேரடி விதைப்பில் அந்தப் பாதுகாப்பு போய்விட்டது. 1988-இல் சிலாங்கூர் வயல்களில் ‘பாடி ஆங்கின்’ எனப்படும் களைநெல் கண்டறியப்பட்டது. ‘ஆங்கின்’ என்றால் காற்று. காற்றடித்தாலே மணிகள் உதிர்ந்துவிடும் என்பதால் இப்பெயர். அறுவடைக்கு முன்பே உதிர்ந்து, மண்ணில் கிடந்து, அடுத்த போகத்தில் முளைக்கும். அதுவும் நெல், பயிரும் நெல். ஒன்றைக் கொன்று மற்றதைக் காக்கும் மருந்து எப்படிக் கிடைக்கும்?

மார்டி எனப்படும் மலேசிய வேளாண் ஆய்வு மேம்பாட்டுக் கழகம் 2010-இல் ஒரு விடை தந்தது. குறிப்பிட்டதொரு களைக்கொல்லியைத் தாங்கும் நெல் இரகங்கள் வெளியிடப்பட்டன. மருந்து தெளித்தால் களைநெல் மடியும், பயிர் நிற்கும். விளைச்சல் உயர்ந்தது, விவசாயிகள் மகிழ்ந்தனர். அவ்விரகத்தை ஒரே வயலில் போகந்தோறும் தொடர்ந்து விதைக்கலாகாது என்னும் அறிவுரையும் உடன் தரப்பட்டிருந்தது. பயிர்நெல்லும் களைநெல்லும் நெருங்கிய உறவின. மகரந்தம் கலந்தால் தாங்கும் தன்மை களைக்கும் சென்றுவிடும். ஒரே மருந்தை ஓயாமல் தெளித்தாலும் அதற்கு மடியாத களையே எஞ்சிப் பெருகும். விலையும் வருமானமும் கண்முன் நிற்கையில் அவ்வறிவுரையைப் பின்பற்றியவர்கள் எத்தனை பேர்? சில ஆண்டுகளிலேயே அம்மருந்துக்கு மடியாத களைநெல் நம் வயல்களில் கண்டறியப்பட்டது. இப்போது ஆய்வாளர்கள் மீண்டும் பழைய வழிகளை நோக்குகின்றனர்: விதைக்குமுன் களைநெல்லை முளைக்கவிட்டு உழுது அழித்தல், தூய விதை, வயலில் நீரைத் தேக்கி விதைத்தல், இயன்ற இடங்களில் இயந்திரத்தால் நாற்று நடுதல்.