பாடு காத்து நிற்கும் சரக்கு வண்டி

பழவேற்காட்டு ஏரிக்கரையின் தோணிரேவிலிருந்து மேற்கே இருபது கிலோமீட்டருக்குள் பொன்னேரி ரயில் நிலையம். சென்னையிலிருந்து கூடூர் வழியாக வடக்கே செல்லும் பாதை அது. விரைவு வண்டி பாய்ந்து செல்ல, சரக்கு வண்டி பக்கத் தடத்தில் ஒதுங்கி வழிவிட்டு நிற்கும். ஏரியின் சில குப்பங்களில் மீனவர்கள் முறைவைத்து வலையிடுவதற்குப் 'பாடு' என்று பெயர். தம் பாடு வரும்வரை காத்திருப்பார்கள். சரக்கு வண்டியின் காத்திருப்பும் எங்களுக்கு அப்படித்தான் தோன்றியது. எஞ்சினைப் படமெடுக்க வாய்ப்பான நேரமும் அதுவே.

இந்த எஞ்சின்களின் வரலாற்றுக்கு நம்மிடம் படச்சான்று எவ்வளவு இருக்கிறது? தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பாதை 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து திறக்கப்பட்டது. அதே ஆண்டில்தான் லின்னேயஸ் டிரைப் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக நியமிக்கப்பட்டார். 1858-இல் வெளிவந்த அவருடைய தொகுதிகளில் இருப்பவை கோயில்கள், கோட்டைகள், அரண்மனைகள். பழமை அழியுமுன் பதிவுசெய்ய வேண்டும் என்பது அன்றைய எண்ணம். புதிதாக வந்த எஞ்சினும் ஒருநாள் அழியும் என்று யார் நினைத்திருப்பார்கள்?

அழிந்தது. 'டபிள்யூஜி' என்ற நீராவி எஞ்சினில் முதலெழுத்து அகலப்பாதையையும் இரண்டாவது சரக்கையும் குறிக்கும். 1950 முதல் 1970 வரை 2450 எஞ்சின்கள்; பெரும்பகுதி சித்தரஞ்சனில் உருவானவை. கடைசி எஞ்சினுக்கு 'அந்திம் சிதாரா', அதாவது கடைசி நட்சத்திரம், என்று பெயரிட்டார்கள். 1995-இல் அகலப்பாதையில் நீராவியின் காலம் முடிந்தது. மிகப் பெரும்பாலானவை பழைய இரும்பாக உடைக்கப்பட்டன.

அவை ஓடிய காலத்தில் எடுக்கப்பட்டு நாங்கள் பார்க்க வாய்த்த நல்ல படங்களில் பல, அனுமதி பெற்று வந்த அயல்நாட்டு ஆர்வலர்கள் எடுத்தவை. நம்மவர்களுக்குப் படச்சுருளின் விலை ஒரு தடை. அச்சம் இன்னொன்று. 1923-ஆம் ஆண்டின் அலுவல் இரகசியச் சட்டம், அரசு அறிவித்தால் ரயில் பாதையையும் தடைசெய்யப்பட்ட இடமாக்க வழிவிடுகிறது. யார்டு ஓரம் காமிராவோடு நிற்பவன் ஐயத்துக்குரியவனானதில் வியப்பில்லை.

அமெரிக்காவில் ஓ. வின்ஸ்டன் லிங்க் 1955 முதல் 1960 வரை நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்ன் ரயில்வேயின் கடைசி நீராவி வண்டிகளை எடுத்தார், பெரும்பாலும் இரவில். ஒளி முழுவதும் தன் கையில் இருக்கவேண்டும் என்பது அவர் பிடிவாதம். எண்ணற்ற மின்னொளிக் குமிழ்களை ஒரே கணத்தில் எரியவைப்பார். 1956-இல் எடுத்த புகழ்பெற்ற படத்தில், திறந்தவெளித் திரையரங்கில் காருக்குள் ஓர் இணை, திரையில் விமானம், பின்னால் புகைகக்கும் சரக்கு வண்டி. அந்த விமானத்தை வேறொரு நெகட்டிவிலிருந்துதான் சேர்த்தார். பொய்யா? எங்களுக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் எஞ்சினைத் தனியே நிறுத்தவில்லை. அதனருகே வாழ்ந்தவர்களோடு வைத்தார். நம் பழைய படங்களில் நாங்கள் தேடுவது அதைத்தான்: கரி வாரிப்போட்ட ஃபயர்மேனை, தடம் மாற்றிய பாயிண்ட்ஸ்மேனை.

பொன்னேரியில் சிக்னல் விழுந்தது. 6000 குதிரைத்திறன் மின்சார எஞ்சின் மெல்ல இழுத்தது. ஆசையோடு அதை எடுத்துக்கொண்டோம். நெடுநேரம் கழித்துக் கடைசிப் பெட்டியிலிருந்து கார்டு பச்சைக்கொடி காட்டிச் சென்றார். அதற்குள் காமிராவை உறைக்குள் வைத்திருந்தோம்.