இப்னு மாஜித் மீது சுமத்தப்பட்ட பழி

 

வாஸ்கோடகாமாவுக்கு இந்தியாவுக்குக் கடல்வழி காட்டியவர் அஹ்மத் இப்னு மாஜித் எனும் முஸ்லிம் மாலுமி என்ற செய்தியைத் தாங்கள் எங்கேனும் கேட்டிருப்பீர்கள். மேடைகளில் சிலர் இதைப் பெருமையோடு சொல்வார்கள். ஐரோப்பியர் அறியாத வழியை நம்மவர் அறிந்திருந்தார் என்பது அவர்கள் வாதம். வேறு சிலர் வேதனையோடு சொல்வார்கள். அந்த ஒருவர் வழிகாட்டியதால்தானே பரங்கியர் வந்தனர், மலபாரின் மஸ்ஜித்கள் எரிந்தன, ஹாஜிகளின் கப்பல்கள் மூழ்கின என்பார்கள். பெருமைப்படுவோரும் பழிப்போரும் ஒரு விஷயத்தில் ஒன்றுபடுகின்றனர். செய்தி உண்மைதானா என்று இருசாராருமே விசாரிக்கவில்லை. இதை எழுதுபவனும் பல ஆண்டுகள் அந்தக் கூட்டத்தில் ஒருவனாகவே இருந்தான்.

முதலில் இம்மனிதர் யாரென்று பார்ப்போம். ஷிஹாபுத்தீன் அஹ்மத் இப்னு மாஜித், இன்று ஐக்கிய அரபு அமீரகத்தின் ராஸ் அல் கைமா அமைந்துள்ள பகுதியிலிருந்த ஜுல்ஃபார் எனும் துறைமுகப் பட்டினத்தில் 15 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பிறந்தவர். பாட்டனார் முஅல்லிம், தந்தையாரும் முஅல்லிம். முஅல்லிம் என்றால் மதரஸாவில் ஓதிக்கொடுக்கும் உஸ்தாத் நம் நினைவுக்கு வருவார். அக்காலக் கடலில் கப்பலின் வழியை நிர்ணயிக்கும் தலைமை வழிகாட்டிக்கும் அதுவே பட்டம். நம் தமிழில் வழங்கும் மாலுமி என்ற சொல் இந்த முஅல்லிமிலிருந்து வந்ததே. சுக்கானும் அரபியிலிருந்து வந்ததுதான். நம் முன்னோர் எவரோடு கடலில் பழகினார்கள் என்பதற்கு நம் நாவே சாட்சியாக இருக்கிறது.

செங்கடலின் பாறைகளும் திட்டுகளும் நிறைந்த வழியைப் பற்றித் தந்தையார் ஆயிரத்துக்கும் மேற்பட்ட அடிகளில் ஒரு செய்யுள் நூல் இயற்றியிருந்தார். மகன் அதைத் தலைமேல் வைத்துக் கொண்டாடியதோடு நின்றுவிடவில்லை. தாமே அக்கடலில் பலமுறை சென்று, தந்தையின் கணக்குகளைச் சோதித்து, பிழை கண்ட இடங்களைத் திருத்தினார். ஹிஜ்ரி 866 இல் (கி.பி. 1462) கடலியலின் அடிப்படைகளைத் தொகுத்து ‘ஹாவியா’ எனும் நீண்ட செய்யுள் நூலை எழுதினார். கப்பலில் இரவு நேரத்தில் ஏட்டைப் புரட்டிக்கொண்டிருக்க இயலாது. செய்யுள் மனனத்தில் நிற்கும். கிப்லாவின் திசையை அறிவது குறித்தும் அவர் ஒரு செய்யுள் இயற்றியுள்ளார். இவை அனைத்திலும் பெரியது 1490 ஆம் ஆண்டளவில் அவர் உரைநடையில் எழுதி முடித்த ‘கிதாபுல் ஃபவாயித்’. 12 பகுதிகளைக் கொண்ட இந்நூலில் காந்த ஊசி, சந்திரனின் 28 மன்ஸில்கள், விண்மீன்கள் உதித்து மறையும் 32 திசைகள், துறைமுகங்களின் இருப்பிடம், பருவக்காற்று, செங்கடல் வழி என்று ஒரு மாலுமி அறிந்திருக்க வேண்டியவை ஒருங்கே திரட்டப்பட்டுள்ளன.

இருளில் வழியறிவதற்காகவே விண்மீன்களை அமைத்ததாக அல்லாஹ் திருமறையின் அல்அன்ஆம் அத்தியாயத்தில் அறிவிக்கின்றான். நிலத்தையும் கடலையும் அவ்வசனம் சேர்த்தே குறிப்பிடுகிறது. அவ்வசனத்தின் பொருள் ஒரு மாலுமியின் கையில் எவ்வாறு தொழிலாக மாறியது என்பதைச் சற்று நோக்குங்கள். உள்ளங்கையளவான ஒரு சிறு பலகை, அதன் நடுவே துளையிட்டுக் கோத்த நூல், நூலில் முடிச்சுகள். நூலைப் பல்லால் கடித்து இழுத்துப் பிடித்து, பலகையின் கீழ்விளிம்பைக் கடலும் வானும் கூடும் கோட்டில் பொருத்தி, மேல்விளிம்பில் துருவ விண்மீன் வந்து நிற்கிறதா என்று பார்ப்பார்கள். நூலின் நீளம் விண்மீனின் உயரத்தைச் சொல்லிவிடும். அந்த உயரத்தை ‘இஸ்பஃ’, அதாவது விரல் என்ற அளவால் கணக்கிட்டனர். ஒரு விரல் ஏறக்குறைய ஒன்றரைப் பாகைக்குச் சற்று அதிகம். எத்துறைமுகத்தில் எத்தனை விரல் என்பது முஅல்லிமுக்கு மனப்பாடம். குறித்த அளவு கிடைக்கும்வரை வடக்கிலோ தெற்கிலோ சென்று, பிறகு அதே அளவு மாறாமல் கிழக்கே திரும்பினால் துறைமுகம் தானாக எதிரே வரும். சோழமண்டலக் கரையின் கடலோடிகளிடமும் இதே வகைக் கருவி 19 ஆம் நூற்றாண்டு வரை புழக்கத்தில் இருந்தது. இராப்பலகை என்பது அதன் தமிழ்ப் பெயர்.

கருவி மட்டும் இருந்தால் போதாது என்பதையும் இப்னு மாஜித் எழுதுகிறார். கரை நெருங்குவதை நீரின் நிறம், மிதந்து வரும் புல், கடற்பாம்பு, பறவை, ஆழம் பார்க்கும் ஈயக்குண்டில் ஒட்டிவரும் சேறு ஆகியவற்றால் அறியவேண்டும். சரக்கு ஏற்றுவதற்கு முன் கப்பலைக் கரையிலேயே முழுவதும் சோதித்துப் பார்க்கவேண்டும். இவற்றோடு, கப்பலில் ஏறியவன் படைத்தவனின் விருந்தாளி என்பதால் தூய்மையோடும் அவனுடைய நினைவோடும் இருக்கவேண்டும் என்றும் அறிவுறுத்துகிறார். இந்தக் கடைசிச் செய்தியை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். பின்னர் தேவைப்படும்.

அவருக்கு முந்தைய காலத்தில் கடல்நூல் எழுதிய மூவரை அவர் ‘சிங்கங்கள்’ என்று மரியாதையோடு குறிப்பிடுகிறார். தம்மை நான்காவது சிங்கம் என்கிறார். (தன்னடக்கம் அவரிடம் சற்றுக் குறைவுதான்!) ஆயினும் அம்மூவரைப் பற்றி அவருக்கு ஒரு குறை உண்டு. தாம் போகாத கடல்களைப் பற்றிப் பிறரிடம் கேட்டு எழுதினார்களே தவிர, நேரில் சோதித்து அறியவில்லை என்பதே அக்குறை. கேட்டதைக் கேட்டபடி எழுதுவதை அத்தனை கடுமையாக வெறுத்த அந்த மனிதரைப் பற்றித்தான், கேட்டதைக் கேட்டபடி நாம் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

இனி விஷயத்துக்கு வருவோம். வாஸ்கோடகாமா 1497 ஜூலை 8 அன்று லிஸ்பனிலிருந்து நான்கு கப்பல்களுடன் புறப்பட்டு, ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றி, 1498 ஏப்ரலில் இன்றைய கென்யாவிலுள்ள மாலிந்தி துறைமுகத்தை அடைந்தார். அங்கிருந்த சுல்தான் ஒரு வழிகாட்டியை அளித்தார். ஏப்ரல் 24 அன்று புறப்பட்ட கப்பல்கள் 23 நாட்களில் இந்தியக் கரையைக் கண்டன. மே 20 அன்று கோழிக்கோட்டிற்கு அருகே நங்கூரமிட்டன.

அந்த வழிகாட்டி யார்? அப்பயணத்தில் நேரில் சென்ற ஒருவரின் நாட்குறிப்பு இன்றும் உள்ளது. அது அவரை ஒரு கிறிஸ்தவர் என்கிறது. போர்ச்சுக்கீசியர் அப்போது இந்துக்களையும் கிறிஸ்தவர் என்றே மயங்கினர்; கோழிக்கோட்டில் ஒரு கோயிலையே தேவாலயம் என்றெண்ணி வணங்கியவர்கள் அவர்கள். ஆகவே அச்சொல்லை அப்படியே ஏற்பதற்கில்லை. சுமார் 50 ஆண்டுகளுக்குப் பின் எழுதிய போர்ச்சுக்கீசிய வரலாற்றாசிரியர் பாரோஸ், அவர் குஜராத்தைச் சேர்ந்த முஸ்லிம் என்றும், ‘மாலெமோ கானா’ என்று அழைக்கப்பட்டார் என்றும் எழுதுகிறார். மற்றொரு வரலாற்றாசிரியர் காஸ்தன்யேதா, ‘கானாகுவா’ என்கிறார். மாலெமோ என்பது முஅல்லிம். கானாகுவா என்பது கணக்கர், சோதிடர் எனப் பொருள்படும் கணகன் என்ற வடசொல். இரண்டுமே பட்டங்கள், பெயர் அல்ல. இவர்களுள் ஒருவரும் இப்னு மாஜித் என்ற பெயரைச் சொல்லவில்லை. ஜுல்ஃபாரில் பிறந்த அரபியரை எவரும் குஜராத்தி என்று அழைக்கவும் மாட்டார்கள்.

பிறகு அப்பெயர் எங்கிருந்து வந்தது? 1570களில் மக்காவில் வாழ்ந்த குத்புத்தீன் நஹ்ரவாலி எனும் அறிஞர், யமன் நாட்டை உதுமானியர் வென்ற வரலாற்றை எழுதினார். அதில் பரங்கியருக்கு இந்தியாவின் வழியைக் காட்டியவர் அஹ்மத் இப்னு மாஜித் என்றும், பரங்கித் தலைவனோடு சேர்ந்து மது அருந்தி, போதையில் அந்த இரகசியத்தைச் சொல்லிவிட்டார் என்றும் ஒரு செய்தி வருகிறது. நஹ்ரவாலி பிறந்தது 1511 இல். அதாவது சம்பவம் நடந்து 13 ஆண்டுகள் கழித்துப் பிறந்தவர், 70 ஆண்டுகளுக்கு மேல் கழித்து எழுதுகிறார். யாரிடம் கேட்டார் என்பதற்கு அறிவிப்பாளர் வரிசை ஏதும் இல்லை. இதே நிலையில் ஒரு ஹதீஸ் நம் முன் வந்தால் நம் ஆலிம்கள் அதை எந்த இடத்தில் வைப்பார்கள் என்று தாங்களே எண்ணிப் பாருங்கள்.

நஹ்ரவாலிக்கு முன்னரே இப்னு மாஜிதின் நூல்களைக் கையாண்ட ஒருவர் உண்டு. உதுமானியக் கடற்படைத் தளபதி ஸைதீ அலீ ரயீஸ், போர்ச்சுக்கீசியரோடு நேருக்கு நேர் போரிட்டுக் கப்பல்களை இழந்து, புயலில் சிக்கிக் குஜராத்தில் கரையேறியவர். அவர் 1554 இல் அஹ்மதாபாத்தில் ‘முஹீத்’ எனும் கடல் நூலை முடித்தார். இப்னு மாஜிதின் நூல்களே அதற்குப் பெரும் ஆதாரம். மாலுமிகளுள் உண்மையைத் தேடியவர், நம்பிக்கைக்கு மிகவும் உரியவர் என்று அவரைப் புகழ்கிறார் அத்தளபதி. பரங்கியரால் அனைத்தையும் இழந்து நின்றவர், பரங்கியருக்கு வழிகாட்டியவரை அவ்வாறு புகழ்ந்திருப்பாரா?

மது பற்றிய செய்தியோ இன்னும் பொருந்தவில்லை. கப்பலில் தூய்மையோடு இருக்கக் கட்டளையிட்டவர் அவர். 1498 இல் முதுமையை அடைந்திருந்தவர். மேலும் சொல்வதற்கு அதில் என்ன இரகசியம் இருந்தது? கிழக்கு ஆப்பிரிக்காவுக்கும் மலபாருக்கும் இடையே பல நூற்றாண்டுகளாகப் பருவந்தோறும் கப்பல்கள் போய்வந்த வழி அது. மாலிந்தியில் குஜராத்திக் கப்பல்கள் நின்றிருந்தன. அவ்வழி தெரிந்த மாலுமி ஒருவரைப் பெறுவது சுல்தானுக்குக் கடினமன்று. தெரிந்திருக்க வேண்டியது பருவம் மட்டுமே. ஐரோப்பிய மொழிகளில் பருவக்காற்றுக்கு வழங்கும் ‘மான்சூன்’ என்ற பெயரே ‘மவ்ஸிம்’ என்ற அரபிச் சொல்லிலிருந்து சென்றதுதான். திரும்பும்போது வாஸ்கோடகாமா பருவத்துக்குக் காத்திருக்கவில்லை. 1498 அக்டோபர் 5 அன்று அஞ்சதீவை விட்டவர், ஆப்பிரிக்கக் கரையைக் கண்டது 1499 ஜனவரி 2 அன்று. 23 நாள் வழி ஏறக்குறைய மூன்று மாதம் இழுத்தது. ஈறுகள் வீங்கும் நோயால் சுமார் 30 பேர் மடிந்தனர். எஞ்சியவர் போதாமையால் ஒரு கப்பலையே எரித்துவிட்டுச் சென்றனர். ‘கண்டுபிடித்தவர்’ என்று நம் பிள்ளைகள் படிக்கும் மனிதர், கண்டுபிடித்த கடலைப் பற்றி அறிந்திருந்தது இவ்வளவுதான்.

20 ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் கபிரியேல் ஃபெரான், பாரீஸ் நூலகத்திலிருந்த இப்னு மாஜிதின் கையெழுத்துப் பிரதிகளை உலகறியச் செய்தார். அது பேருதவி. ஆனால் அவரே நஹ்ரவாலியின் செய்தியைப் போர்ச்சுக்கீசியரின் ‘மாலெமோ’வோடு இணைத்து, இருவரும் ஒருவரே என்று முடிவு கட்டினார். அங்கிருந்து கலைக்களஞ்சியங்களுக்கும், பாடநூல்களுக்கும், இறுதியில் நம் மேடைகளுக்கும் அது வந்து சேர்ந்தது. ‘ஃபவாயித்’ நூலை 1971 இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட திப்பெத்ஸ் முதலிய ஆய்வாளர்கள் இதை ஏற்கவில்லை. ஷார்ஜா ஆட்சியாளர் டாக்டர் சுல்தான் பின் முஹம்மத் அல்காஸிமி, இப்னு மாஜித் குற்றமற்றவர் என்பதை விளக்கவே 2000 இல் தனியாக ஒரு நூல் வெளியிட்டார்.

இதில் இவ்வளவு அக்கறை ஏன் என்று சிலர் வினவலாம். 1502 இல் வாஸ்கோடகாமா இரண்டாம் முறை வந்தபோது, மக்காவிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த ‘மீரி’ எனும் கப்பலை மலபார் கடலில் மறித்தார். ஆண்களோடு பெண்களும் குழந்தைகளும் அதில் இருந்தனர். பொருளனைத்தையும் பறித்த பின் கப்பலுக்குத் தீ வைக்கப்பட்டது. தாய்மார்கள் பச்சிளம் குழந்தைகளைத் தூக்கிக் காட்டி மன்றாடியதை, அந்தப் படையிலேயே சென்ற தோமே லோபெஸ் என்ற போர்ச்சுக்கீசியர் எழுதிவைத்திருக்கிறார். இப்னு மாஜித் வழிகாட்டினார் என்று நாம் சொல்லும்போது, அந்தத் தீயில் ஒரு பங்கை அவருடைய கணக்கில் எழுதுகிறோம். உயிரோடிருப்பவர் என்றால் மறுத்துப் பேசுவார். அவர் மண்ணறையில் இருக்கிறார். செய்தி கொண்டு வருபவனை விசாரித்துத் தெளியுமாறு அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் ஆறாம் வசனம் இட்ட கட்டளை, 500 ஆண்டுகளுக்கு முன் மறைந்தவரின் மானத்துக்குப் பொருந்தாது என்று எவர் சொல்லக்கூடும்?

1854 இல் ஆங்கிலேயப் பயணி ரிச்சர்ட் பர்ட்டன் ஏடனிலிருந்து ஆப்பிரிக்கக் கரைக்குப் பாய்க்கப்பலில் சென்றார். புறப்படும் முன் மாலுமிகள் கை ஏந்தி, ‘ஷெய்கு மாஜித்’ பெயரால் ஃபாத்திஹா ஓதினர் என்று அவர் எழுதுகிறார். திசைகாட்டியைக் கண்டுபிடித்தவர் அந்த ஷெய்கு என்பது அவர்களின் நம்பிக்கை. அதுவும் சரியன்று, காந்த ஊசி அவருக்கு இருநூறு ஆண்டுகளுக்கும் முன்பே முஸ்லிம்களின் கப்பல்களில் இருந்தது. ஆனாலும் அந்த ஏழை மாலுமிகள், தங்களுக்குத் தெரிந்தவரை, அவருக்கு துஆவைத்தான் அனுப்பினார்கள்.