பக்கிங்காம் கால்வாய்: சென்னையின் பின்வாசல்

1869இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டபோது, அதன் வடமுனையில் இருந்த போர்ட் சயீத் பத்தே ஆண்டுகள் நிறைந்த நகரம். கால்வாய்க்காகவே பிறந்த அவ்வூரில் ஐரோப்பியர் பகுதி நீர்வழியை ஒட்டியும், அரபு மக்களின் பகுதி அதற்கு மேற்கே தள்ளியும் அமைந்தன. சென்னையின் கதை இதற்கு நேர்மாறானது. இங்கே நகரம் முந்தியது, கால்வாய் பிந்தியது.

1806இல் பாசில் காக்ரேனின் முயற்சியால் எண்ணூரை நோக்கி வெட்டத் தொடங்கிய இந்நீர்வழி, 1837இல் அரசின் கைக்கு வந்தது. காலப்போக்கில் வடக்கே ஆந்திரக் கரையோரமாகவும் தெற்கே மரக்காணம் வரையிலும் நீண்டது. விறகும் உப்பும் நெல்லும் படகேறி நகருக்குள் வந்தன. அப்படகுகள் ஒதுங்கிய நீர்த்தேக்கத்தின் நினைவு 'பேசின் பாலம்' என்னும் பெயரில் மட்டும் எஞ்சியுள்ளது.

கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் ஏறத்தாழ 8 கிலோமீட்டர் பகுதி, 1876–78 தாது வருடப் பஞ்சத்தின்போது நிவாரணப் பணியாக வெட்டப்பட்டது. 1877இல் ரிச்சர்ட் டெம்பிளின் யோசனைப்படி, மாகாண நிவாரணப் பணிகளில் ஆண் ஒருவரின் நாட்கூலி ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் என்ற அளவுக்குக் குறைக்கப்பட்டிருந்தது. ஒரு பவுண்டு என்பது சுமார் 450 கிராம். மண் சுமந்தவர்களின் பெயர் எங்கும் இல்லை. கால்வாய்க்கு ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயர் வாய்த்தது.

அடுத்த சில ஆண்டுகளில், 1880களின் நடுப்பகுதியில், ஆளுநர் கிராண்ட் டஃப் கடற்கரையில் உலாவுசாலை அமைத்து அதற்கு 'மெரினா' எனப் பெயரிட்டார். நகரம் கடலை முகப்பாகக் கொண்டது. சேப்பாக்கத்துக்கும் திருவல்லிக்கேணிக்கும் இடையே ஓடிய கால்வாய் அதன் கொல்லைப்புறமாயிற்று. சரக்கை இரயில் எடுத்துக்கொண்ட பின், அங்கே கழிவுநீரும், நகரில் வேறிடம் கிடைக்காத ஏழைகளின் குடிசைகளுமே மிஞ்சின.

காலனிய ஆட்சி முடிந்த பிறகும் இப்பார்வை மாறவில்லை. 1990களில் பறக்கும் இரயிலுக்குப் பாதை அமைத்தபோது, கால்வாய் 'காலி இடமாகவே' கருதப்பட்டது. தூண்கள் நீரோட்டத்திலேயே ஊன்றப்பட்டன. நிலையங்கள் கரையை விழுங்கின. 2008இல் அதே கால்வாய் தேசிய நீர்வழி 4இன் பகுதியாக அறிவிக்கப்பட்டது இதன் முரண்நகை.

ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பின்னும் 'ஆக்கிரமிப்பு' என்னும் சொல் கரையோரக் குடிசைகளின் மீதே முதலில் விழுகிறது; நீருக்குள் நிற்கும் தூண்களின் மீது விழுவதில்லை. கால்வாயை யார் சுருக்கினார்கள் என்ற கேள்வியைக் குடிசைகளோடு நிறுத்திக்கொள்ளும் ஆய்வு, இருநூறு ஆண்டுத் திட்டமிடலின் வரலாற்றைக் கணக்கில் கொள்ளாத ஆய்வாகும்.