வலது கால் கியர்

என் புல்லட்டின் பதிவைப் புதுப்பிக்க வேண்டிய நாள் சென்ற மாதம் வந்தது. சொந்த வண்டிக்கு முதலில் 15 ஆண்டு, பிறகு ஐந்தைந்து ஆண்டாக நீட்டிக்கொள்ள வேண்டும். 1980இல் வாங்கிய வண்டி. எத்தனையோ முறை புதுப்பித்தாயிற்று. இந்த முறை மேசைமேல் காகிதங்களை அடுக்கியபோது, "ஏங்க, இன்னும் அஞ்சு வருஷம் ஓட்டப் போறீங்களா?" என்று மனைவி கேட்டாள். எனக்கு 74 வயது. சட்டென்று பதில் வரவில்லை. என்னோடு புல்லட் ஓட்டிய நான்கு நண்பர்களில் இருவர் விற்றுவிட்டார்கள். ஒருவர் துணி போட்டு மூடி வைத்திருக்கிறார். ஒருவர் இன்று இல்லை.

வண்டியை வைத்துக்கொள்வதா, விடுவதா? இதற்குப் பதில் தேடப்போய், வண்டியின் கதையையே ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டியதாயிற்று.

என்ஃபீல்டு கம்பெனி இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊரில் இருந்தது. 1901இல் முதல் மோட்டார் சைக்கிளைச் செய்தார்கள். 'புல்லட்' என்ற பெயர் 1932இல் வந்தது. சுதந்திரத்துக்குப் பின் எல்லைக் காவலுக்கு உறுதியான வண்டி தேவைப்பட்டபோது, நம் அரசு 350 சிசி புல்லட்டைத் தேர்ந்தெடுத்து 800 வண்டிகள் கேட்டது. அதைத் தொடர்ந்து, 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் ரெட்டிச் கம்பெனியும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. முதலில் பாகங்கள் கப்பலில் வந்து இங்கே பூட்டப்பட்டன. பிறகு எல்லாமே இங்கேயே செய்யப்பட்டன. 1970க்குள் இங்கிலாந்தில் கம்பெனியே மூடப்பட்டது. 1977இல் திருவொற்றியூர் புல்லட் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியானது. தாய்வீடு பூட்டிய பிறகும் மகள் வீட்டில் அடுப்பு எரிந்த கதை.

ஆக, இது சிப்பாய்க்கும் போலீஸ்காரருக்கும் என்று தேர்ந்தெடுத்த வண்டி. 346 சிசி, 18 குதிரைத் திறன். இன்றைய கணக்கில் அது ஒன்றுமில்லை. ஆனால் உள்ளே இருக்கும் கனமான ஃபிளைவீல் ஒருமுறை சுற்ற ஆரம்பித்தால், மெதுவாகப் போனாலும் திணறாமல் இழுக்கும். காரைக்காலுக்கு மாற்றலாகியிருந்த வருடங்களில் கடலூர், சிதம்பரம், சீர்காழி, தரங்கம்பாடி வழியாக 130 கிலோமீட்டர் இதில்தான் போய்வருவேன். கொள்ளிடம் பாலத்தில் காற்று அடித்தாலும் வண்டி அலையாது. அன்று அந்தக் கனம்தான் துணை.

ஓடும்போது கனம் தெரிவதே இல்லை. நின்ற பிறகுதான் தெரியும். பின்னால் தள்ளும்போது, சரிவில் நிறுத்தும்போது, சென்டர் ஸ்டாண்டு போடும்போது. கிளப்புவதும் ஒரு சடங்கு. சாவியைத் திருப்பி, கிக்கரை மெல்ல அழுத்தி, ஆம்பியர் மீட்டர் முள் நடுவுக்கு வரும் இடத்தைப் பிடிக்க வேண்டும். டிகம்ப்ரசரைப் பிடித்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் அழுத்தி, விட்டு, பிறகு முழு உதை. இடம் தவறினால் கிக்கர் திருப்பி அடிக்கும். முப்பது வயதில் கெண்டைக்கால் வலித்தது. எழுபதில் முட்டியே போய்விடும்.

"அப்பா, பட்டன் ஸ்டார்ட் உள்ள புது புல்லட் வாங்கிக்கங்களேன்" என்றான் மகன். இங்கேதான் ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை.

பழைய ஆங்கிலேய வண்டிகளில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். 1970களில் அமெரிக்கா கியர் இடது பக்கம்தான் இருக்க வேண்டும் என்று விதி செய்ததும், மற்ற ஆங்கிலேயக் கம்பெனிகள் மாற்றிக்கொண்டன. நம் ஊர் யெஸ்டியிலும் ராஜ்தூத்திலும் இடது பக்கம்தான். திருவொற்றியூர் புல்லட் மட்டும் வலது கியரை விடவில்லை. முதல் கியருக்கு மேலே, மற்றதற்குக் கீழே. 2000க்குப் பிறகுதான் கியர் இடம் மாறியது. 2010ஐ ஒட்டிப் பழைய வார்ப்பிரும்பு இன்ஜினும் நின்றது.

இரண்டு வருடம் முன்பு மகனுடைய வண்டியை எடுத்துக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போனேன். கீரைக்கூடையோடு ஓர் அம்மாள் குறுக்கே வந்தார். என் இடது கால் தானாக இறங்கி அழுத்தியது. அது பிரேக் அல்ல, கியர். வண்டி உறுமியதே தவிர நிற்கவில்லை. எப்படியோ கை பிரேக்கைப் பிடித்தேன். கூடை மட்டும் கவிழ்ந்தது. "பாத்து வரக் கூடாதா சாமி?" என்றார் அந்த அம்மாள். நான் பார்த்துத்தான் வந்தேன். கண்ணில் குறையில்லை, பழக்கத்தில்தான்.

எனக்கு இது புதிதல்ல. நான் ஃபிரெஞ்சில் படித்தவன். அலுவலகத்தில் முப்பது வருடத்துக்கு மேல் ஆங்கிலத்தில் கோப்பு எழுதினேன், வீட்டில் பேசுவது தமிழ். ஆனால் பென்ஷன் கணக்கைக் கூட்டும்போது இன்றும் வாய்க்குள் முணுமுணுப்பது ஃபிரெஞ்சில்தான். முதலில் படிந்தது அவசரத்தில் முந்திக்கொண்டு வரும். வயதாக ஆக, அது இன்னும் சீக்கிரம் வருகிறது.

ஆகவே புது புல்லட் எனக்குத் தீர்வல்ல. இன்றைய 350 சிசி கிளாசிக் 195 கிலோ. என்னுடையதைவிடக் கனம், கியரும் மறுபக்கம். அதே காரணத்தால் என் வண்டியைப் பேரனுக்குக் கொடுப்பதும் சரியல்ல. அவன் கால் இடது கியரில் பழகியது. எனக்கு மார்க்கெட்டில் நேர்ந்தது அவனுக்கு நெடுஞ்சாலையில் நேரலாம்.

நம் ஊரில் ஃபிரெஞ்சு பென்ஷனை 'ரெத்ரெத்' என்போம். படை பின்வாங்குவதற்கும் ஃபிரெஞ்சில் அதே சொல்தான். நல்ல படை சிதறி ஓடாது, வரிசையாகப் பின்வாங்கும். யோசித்துப் பார்த்தால் நானும் அப்படித்தான் செய்திருக்கிறேன். 65இல் காரைக்கால் பயணத்தை விட்டேன். 68இல் இரவில் ஓட்டுவதை விட்டேன். 70இல் மனைவியைப் பின்னால் ஏற்றுவதை விட்டேன். மிச்சம் இருந்தது காலையில் கடற்கரை வரை ஒரு சுற்று மட்டும்.

போன வாரம் எனக்கு நானே ஒரு பரீட்சை வைத்தேன். சென்டர் ஸ்டாண்டு முதல் முயற்சியிலேயே ஏறியது. ஆனால் வண்டி கிளம்ப நான்கு உதை ஆயிற்று. இரண்டு நாள் முட்டி வீங்கிக் கிடந்தேன். பதில் கிடைத்துவிட்டது.

பதிவை முறையாகப் புதுப்பித்தேன். காகிதம் சரியில்லாத வண்டியைக் கைமாற்ற குமாஸ்தா மனம் ஒப்பவில்லை. இருபது வருடமாக இந்த வண்டியைப் பார்த்துவரும் மெக்கானிக்குக் கொடுத்துவிட்டேன். வலது கியர் அவர் காலுக்குத் தெரியும். எனக்கு ஒரு கியரில்லாத ஸ்கூட்டர் போதும். இரண்டு பிரேக்கும் கையில், சிறுவயதில் ஓட்டிய சைக்கிளைப் போல. கால் குழம்ப இடமில்லை.

"ஐயா, எப்ப வேணும்னாலும் வந்து ஒரு ரவுண்டு ஓட்டிட்டுப் போங்க" என்றார் மெக்கானிக்.

"ஓட்ட மாட்டேன் தம்பி. காரைக்கால் பக்கம் போனால் சொல்லு, பின்னால் உட்கார்ந்து வருகிறேன்" என்றேன்.