உதவித்தொகை வேண்டுமா, முதலில் சிறுநீர்ப் பரிசோதனை: அமெரிக்க அனுபவம் சொல்வது என்ன?

“அரசாங்கம் கொடுக்கும் காசைப் போதைக்குச் செலவழிப்பவனுக்கு ஏன் கொடுக்க வேண்டும்? பரிசோதனை செய்துவிட்டுக் கொடுக்கட்டும்!” ஒட்டுக்கடைப் பேச்சில் அடிக்கடி காதில் விழும் வாதம் இது. கேட்கும்போது நியாயமாகவே படும். இதைச் சட்டமாக்கி நடைமுறைப்படுத்திப் பார்த்த நாடு அமெரிக்கா. அங்கு நடந்ததைச் சுருக்கமாகப் பார்ப்போம்.

தொடக்கம்

1996-ஆம் ஆண்டில் அமெரிக்கா தனது சமூக நலச் சட்டத்தை மாற்றியமைத்தது. பிள்ளைகள் உள்ள ஏழைக் குடும்பங்களுக்கு வழங்கப்படும் உதவித்தொகைக்குக் கால வரம்பும் வேலை நிபந்தனையும் விதிக்கப்பட்டன. உதவி பெறுவோரிடம் போதைப்பொருள் பரிசோதனை நடத்தவும் மாநிலங்களுக்கு அச்சட்டம் இடமளித்தது.

முதலில் களமிறங்கியது மிச்சிகன் மாநிலம். 1999-இல் சில வட்டாரங்களில் விண்ணப்பதாரர் எல்லாரையும் சோதிக்கத் தொடங்கியது. சில வாரங்களிலேயே நீதிமன்றம் அதை நிறுத்தியது. மேல்முறையீடுகளுக்குப் பிறகு, 2003-இல் அத்திட்டம் முற்றாகக் கைவிடப்பட்டது.

புளோரிடாவில் நடந்தது

அதிகம் பேசப்பட்டது புளோரிடா மாநிலத்தின் சட்டம். ஆளுநர் ரிக் ஸ்காட் கையெழுத்திட்ட அச்சட்டம் 2011 ஜூலையில் நடப்புக்கு வந்தது. அதன் விதிகள் இவை:

• விண்ணப்பிக்கும் ஒவ்வொருவரும், சந்தேகம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், பரிசோதனைக்குச் செல்ல வேண்டும்.
• கட்டணத்தை விண்ணப்பதாரரே முதலில் கட்ட வேண்டும். போதைப்பொருள் இல்லை என முடிவு வந்தால் பணம் திரும்பக் கிடைக்கும்.
• போதைப்பொருள் இருப்பது தெரிந்தால் ஓராண்டுக்கு உதவி இல்லை. சிகிச்சையை முடித்தால் ஆறு மாதத்தில் மீண்டும் விண்ணப்பிக்கலாம்.
• பிள்ளைகளுக்கான பங்கை வேறொருவர் பெற்றுத் தரலாம். ஆனால், அவரும் பரிசோதனையில் தேற வேண்டும்.

மூவர் கொண்ட குடும்பத்திற்கு அங்கு அதிகபட்சமாகக் கிடைத்ததே மாதம் 303 டாலர்தான். கையில் காசில்லாமல் உதவி கேட்டு வருபவர் சுமார் 30 டாலரை முதலில் எடுத்து வைக்க வேண்டியிருந்தது.

முடிவு என்ன? சோதிக்கப்பட்ட 4,086 பேரில் 108 பேரிடம் மட்டுமே போதைப்பொருள் கண்டறியப்பட்டது. அதாவது 2.6 விழுக்காடு. அவர்களிலும் பெரும்பாலோர் பயன்படுத்தியது கஞ்சா. மற்றவர்களுக்குக் கட்டணத்தைத் திருப்பித் தர அரசு 118,140 டாலர் செலவிட்டது. தேறாதவர்களுக்கு மறுத்த தொகையைக் கழித்துப் பார்த்தபோதும், மாநிலத்திற்கு 45,780 டாலர் நட்டம்.

நீதிமன்றம் சொன்னது

தனியாகப் பிள்ளையை வளர்த்துவந்த முன்னாள் கடற்படை வீரர் ஒருவர் பரிசோதனைக்கு மறுத்து வழக்குத் தொடுத்தார். 2011 அக்டோபரில் நீதிபதி மேரி ஸ்கிரிவன் சட்டத்திற்கு இடைக்காலத் தடை விதித்தார். 2014 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் சட்டம் செல்லாது என்றது.

தக்க காரணமின்றி ஒருவரை அரசு சோதனையிடக் கூடாது என்பது அமெரிக்க அரசியலமைப்பின் நான்காவது திருத்தம். சிறுநீர்ப் பரிசோதனையும் ஒரு சோதனையே. ஏழை என்பதாலேயே ஒருவரைச் சந்தேகிக்க முடியாது என்பதுதான் தீர்ப்பின் சாரம்.

இதற்கு முன்னோடியான வழக்கு ஒன்று உண்டு. ஜார்ஜியா மாநிலத்தில் தேர்தலில் நிற்கும் வேட்பாளர்கள் போதைப்பொருள் பரிசோதனையில் தேற வேண்டும் என்று ஒரு சட்டம் இருந்தது. 1997-இல் உச்ச நீதிமன்றம் 8-க்கு 1 என்ற கணக்கில் அதை ரத்து செய்தது. அரசியல்வாதிக்குக் கிடைத்த அந்தப் பாதுகாப்பு, உதவி கேட்டு வரிசையில் நிற்கும் தாய்க்கும் உண்டு என்பது புளோரிடா வழக்கில் உறுதியானது.

பிறகு வந்த வழி

எல்லாரையும் சோதிக்க முடியாது என்றானதும், சில மாநிலங்கள் கேள்வித்தாளுக்கு மாறின. பதில்களில் சந்தேகம் எழுந்தால் மட்டும் பரிசோதனை. 2012-இல் தொடங்கிய யூட்டா மாநிலத்தில், முதல் ஓராண்டில் 466 பேர் சோதிக்கப்பட்டனர். சிக்கியவர்கள் 12 பேர்.

ஆஸ்திரேலிய அரசும் 2017-இல் மூன்று வட்டாரங்களில், வேலையில்லாதோர் உதவிக்குப் புதிதாக வரும் 5,000 பேரைச் சோதிக்கத் திட்டமிட்டது. செனட் சபையில் ஆதரவு கிடைக்காததால் அது நடப்புக்கு வரவில்லை.

இரு தரப்பு வாதங்கள்

ஆதரிப்போர் மூன்று காரணங்கள் சொல்கின்றனர்: வரிப்பணம் வீணாகக் கூடாது, பல முதலாளிகள் வேலைக்கே பரிசோதனை கேட்கிறார்கள், பிடிபட்டால்தான் சிலர் சிகிச்சைக்குப் போவார்கள். பயன்படுத்துபவர்கள் விண்ணப்பிக்கவே வராததால்தான் எண்ணிக்கை குறைவு என்றும் கூறுகின்றனர்.

எதிர்ப்போர், சிறுநீர்ப் பரிசோதனை அடிமைத்தனத்தைக் காட்டாது என்கின்றனர். கஞ்சாவின் தடயம் பல நாட்கள், சிலருக்கு வாரக்கணக்கில் தங்கும். மற்ற பல போதைப்பொருட்கள் சில நாட்களில் மறைந்துவிடும். குடும்பங்களைச் சீரழிக்கும் மது இந்தச் சோதனைகளில் பெரும்பாலும் சேர்வதே இல்லை. சில வலி நிவாரணிகளும், ஏன், கசகசா கலந்த உணவும்கூட முதல் கட்டச் சோதனையில் சந்தேகம் எழுப்பக்கூடும்.

போதைப் பழக்கத்தால் தவிக்கும் குடும்பத்திற்கு உதவி தேவை என்பதில் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால், தகப்பன் பரிசோதனையில் தோற்றால் அடுத்த மாதம் பால்மாவு இல்லாமல் போவது பிள்ளைக்குத்தான். அடுத்த முறை ஒட்டுக்கடையில் இந்தப் பேச்சு எழும்போது, புளோரிடாவின் 4,086-ஐயும் 108-ஐயும் நினைவில் கொள்வோம்.