திருட்டுக்குக் காப்புறுதி விற்ற அரசாங்கம்

1971ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் முதலாம் திகதி ஐக்கிய அமெரிக்க அரசாங்கம் ஒரு புதிய வியாபாரத்தில் இறங்கியது. பெருநகரங்களில் பலசரக்குக் கடையும் மருந்துக் கடையும் சலவைக் கடையும் நடத்துவோருக்கு, இரவில் கடை உடைக்கப்பட்டாலோ பகலில் துப்பாக்கி முனையில் பணப்பெட்டி பறிக்கப்பட்டாலோ நட்டஈடு தருவதாகச் சொல்லும் காப்புறுதிப் பத்திரத்தை அது விற்கத் தொடங்கியது. தனியார் முதலீட்டின் தாயகம் என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் நாடு அது. ஹார்ட்போர்ட் போன்ற ஒரு நகரமே காப்புறுதிக் கம்பனிகளால் பெயர்பெற்ற நாடு. அங்கே கள்வனுக்கு எதிரான காப்புறுதியை அரசாங்கமே விற்க நேர்ந்தது ஏன்? இந்தக் கேள்விக்கு விடை காண வேண்டுமானால் இந்த வணிகம் பிறந்த இடத்திற்குச் சற்றுப் பின்னோக்கிப் போகவேண்டும்.

1720ஆம் ஆண்டு இலண்டனில் தென்கடல் கம்பனியின் பங்குகள் விண்ணைத் தொட்டுக்கொண்டிருந்த காலத்தில், அதைப் பார்த்து நாளுக்கொன்றாய்ப் பல கம்பனிகள் முளைத்தன. அவற்றில் பல வெறும் ஏமாற்று. வேலையாட்களால் எசமானர்களுக்கு நேரும் இழப்புகளுக்குக் காப்புறுதி வழங்குவதாகக் கூறி, முப்பது இலட்சம் பவுண் மூலதனம் திரட்டப் புறப்பட்ட ஒரு கம்பனியும் அந்தப் பட்டியலில் இடம்பெற்றிருக்கிறது. குமிழி உடைந்தபோது அதுவும் மறைந்தது. ஆனால் அந்த யோசனை மட்டும் சாகவில்லை. 1840இல் இலண்டனில் தொடங்கப்பட்ட ‘கரண்டி சொசைட்டி’ என்ற நிறுவனம், ஊழியரின் நேர்மைக்கு உத்தரவாதம் அளிப்பதையே தன் தொழிலாகக் கொண்டது.

அதற்கு முன்னர் பணத்தைக் கையாளும் வேலைக்கு ஒருவர் சேர்வதானால் வசதிபடைத்த உறவினரோ குடும்ப நண்பரோ பிணை நிற்கவேண்டும். அந்த ஊழியர் கையாடல் செய்தால் பிணை நின்றவரின் வீடுவாசல் போகும். இந்த வழக்கம் நமக்கும் அந்நியமானதல்ல. கச்சேரியில் சிறாப்பர் பதவிக்கு வருபவர் பணமோ காணி உறுதியோ பிணையாக வைக்கவேண்டியிருந்ததை மூத்த வாசகர்கள் அறிவர். உத்தரவாதக் காப்புறுதி வந்தபின் பிணை நிற்கும் மாமன் இல்லாத கெட்டிக்கார இளைஞனும் வங்கியில் வேலைக்குச் சேரக்கூடியதாயிற்று. இந்த வணிகம் சமூகத்துக்குச் செய்த நன்மைகளில் இதைத்தான் முதலில் சொல்லவேண்டும் என்பது என் எண்ணம்.

ஆனால் விற்பனை வாங்குபவரை நம்பி நடக்கவில்லை, சந்தேகித்தே நடந்தது. கம்பனி முதலாளியிடம் ஒரு நீண்ட கேள்விப் படிவத்தைக் கொடுக்கும். கணக்குப் புத்தகத்தை எத்தனை நாளுக்கொருமுறை பரிசோதிக்கிறீர்? காசோலையில் எத்தனை பேர் கையொப்பம் இடுகிறார்கள்? ஊழியரின் கையில் அதிகபட்சம் எவ்வளவு பணம் இருக்கும்? இவற்றுக்கு எழுதிய பதில்களே ஒப்பந்தத்தின் அடித்தளம். மாதந்தோறும் பரிசோதிப்பதாக எழுதிவிட்டு ஆண்டுக்கொருமுறை மேலோட்டமாகப் பார்த்த முதலாளி, கையாடல் வெளிப்பட்ட நாளில் வெறுங்கையுடன் திரும்ப வேண்டியதுதான். குற்றவாளிமேல் வழக்குத் தொடர ஒத்துழைக்கவேண்டும் என்ற நிபந்தனையும் பல பத்திரங்களில் இருந்தது. பழைய ஊழியர், குடும்பஸ்தர் என்று இரங்கி விட்டுவிடும் உரிமையைக்கூட முதலாளி தவணைப் பணத்தோடு சேர்த்துக் கொடுத்துவிட்டார்.

வெளியிலிருந்து வரும் கள்வனுக்கு எதிரான காப்புறுதி இன்னும் அரை நூற்றாண்டு காத்திருந்தது. அதை முதலில் முறையாக எழுதியவர் கத்பேர்ட் ஹீத். 1859இல் ஒரு கடற்படை அதிகாரியின் மகனாகப் பிறந்தவர். காது சரியாகக் கேளாமையால் கடற்படையில் சேரமுடியாமல் இலண்டன் லொயிட்ஸ் காப்புறுதிச் சந்தைக்கு வந்தார். அக்காலத்தில் லொயிட்ஸ் என்றால் கப்பலும் சரக்கும்தான். 1880களின் பிற்பகுதியில், தீக்காப்புறுதி வாங்க வந்த ஒரு தரகர், அதே பத்திரத்தில் களவையும் சேர்க்க முடியுமா என்று கேட்டதாகவும், “ஏன் முடியாது?” என்று ஹீத் பதிலளித்ததாகவும் லொயிட்ஸ் வரலாற்றில் சொல்லப்படுகிறது. கதை எப்படியாயினும் காலம் அதற்குக் கனிந்திருந்தது. 1879இல் தூக்கிலிடப்பட்ட சாள்ஸ் பீஸ் என்ற கள்வன், வயலின் பெட்டிக்குள் வீடுடைக்கும் கருவிகளைக் கொண்டுதிரிந்த செய்தியைப் படித்த இலண்டன் நகரின் வசதிபடைத்தோர் அதன்பின் நிம்மதியாக உறங்கவில்லை.

அதைத் தொடர்ந்து நகை வணிகர்களுக்கென ஹீத் ஒரு தனிப் பத்திரத்தை அமைத்தார். நகை வணிகரின் சரக்கு கடையில் மட்டும் இருப்பதில்லை. விற்பனையாளரின் பையில், தபாலில், மற்றொரு வணிகரின் மேசையில் என்று ஊர் சுற்றும். அது எங்கிருந்தாலும் ஒரே பத்திரத்தில் அடங்கும்படி அவர் செய்தார். வாடிக்கையாளரின் தொழில் எப்படி நடக்கிறது என்று பார்த்து அதற்கேற்பப் பத்திரம் எழுதும் இந்த வழக்கமே, பின்னர் வங்கிகளுக்கான பத்திரங்களுக்கும் வழிகாட்டியது. ஊழியர் கையாடல், கொள்ளை, போலிக் காசோலை, வழியில் பணம் பறிபோதல் ஆகிய எல்லாவற்றையும் ஒரே போர்வைக்குள் கொண்டுவந்த வங்கிப் பத்திரங்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் அமெரிக்காவுக்கும் பரவின.

இந்தப் பத்திரங்களில் சொற்களுக்கு இருந்த மதிப்பை இங்கே குறிப்பிடவேண்டும். நமக்குக் களவு என்றால் களவுதான். காப்புறுதிக்காரருக்கு அப்படியல்ல. பூட்டிய கட்டடத்துக்குள் பலவந்தமாக நுழைந்து எடுத்தால் அது ஒன்று. ஆளை மிரட்டிப் பறித்தால் அது இன்னொன்று. கடை திறந்திருக்கும்போது வாடிக்கையாளர்போல் வந்தவன் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு போனால் அது வேறொன்று. முதலாவதற்குக் கதவிலோ யன்னலிலோ உடைத்து நுழைந்த அடையாளம் கண்ணுக்குத் தெரியவேண்டும். திறப்பைக் கள்ளமாகச் செய்து ஒரு கீறலும் விழாமல் கதவைத் திறந்த திறமையான கள்வனால் பாதிக்கப்பட்டவர், அந்தத் திறமைக்கும் சேர்த்துத் தானே நட்டப்படவேண்டும். ஆண்டிறுதியில் இருப்பை எண்ணிப்பார்த்தபோது சரக்குக் குறைந்திருக்கிறது என்ற காரணம் மட்டும் எங்கும் செல்லாது.

எல்லாக் காப்புறுதி விற்பனைக்குமுரிய இக்கட்டு இதில் கூடுதலாக இருந்தது. கள்வர் பயம் இல்லாத தெருவில் பத்திரத்தை வாங்க ஆள் இல்லை. கள்வர் பயம் உள்ள தெருவில் விற்க ஆள் இல்லை. முகவர் தேடிப்போவது இரும்புக் கதவும் காவலாளியும் உள்ள பெரிய நிறுவனத்தை. தேடாதது, மூலையிலிருக்கும் சிறு கடையை.

இந்த நிலைமை வெளிச்சத்துக்கு வர 1967ஆம் ஆண்டின் கோடைகாலம் தேவைப்பட்டது. ஜூலை நடுப்பகுதியில் நியூவார்க் நகரில் நடந்த கலவரத்தில் 26 பேர் இறந்தனர். ஜூலை 23இல் டெட்ரோயிட்டில், அனுமதியின்றி நடந்த ஒரு மதுச்சாலையைப் பொலிசார் முற்றுகையிட்டதில் தொடங்கிய கலவரத்தில் 43 பேர் மாண்டனர். ஏறத்தாழ 2,500 வர்த்தக நிலையங்கள் கொள்ளையிடப்பட்டன அல்லது சேதமாயின. கறுப்பின மக்கள் வாழ்ந்த நகரப் பகுதிகளில் கடை வைத்திருந்தோரின் பத்திரங்களைக் கம்பனிகள் புதுப்பிக்க மறுத்தன. உண்மையில் மறுப்பு அதற்கு முன்னரே தொடங்கியிருந்தது. வரைபடத்தில் கோடு கிழித்து, கோட்டுக்கு உட்பட்ட கட்டடம் எவ்வளவு உறுதியானது, உரிமையாளர் எவ்வளவு நாணயமானவர் என்று பாராமலே ஒதுக்கும் வழக்கம் இருந்தது.

ஜனாதிபதி ஜோன்சன் இதை ஆராய, நியூ ஜேர்சி ஆளுநர் ரிச்சர்ட் ஹியூஸ் தலைமையில் ஒரு குழுவை நியமித்தார். 1968 ஜனவரியில் வெளிவந்த அதன் அறிக்கையின் வாதம் எளிமையானது. காப்புறுதி இல்லையென்றால் வங்கி கடன் தராது. கடன் இல்லையென்றால் கடை இல்லை. கடை இல்லையென்றால் வேலை இல்லை, அயலும் இல்லை. நகரின் நடுப்பகுதி அழிவதற்குக் கலவரத்தின் நெருப்பு மட்டுமல்ல, காப்புறுதி மறுப்புக் கடிதமும் காரணம் என்பதை அரசாங்கக் குழுவொன்று ஏற்றுக்கொண்டது சிறிய விடயமல்ல. அதே ஆண்டில் வந்த சட்டம், தீக்காப்புறுதி கிடைக்காதோருக்கு மாநிலந்தோறும் கம்பனிகள் கூட்டாகப் பொறுப்பேற்கும் திட்டத்துக்கு வழிவகுத்தது. கலவர இழப்புக்கு அரசாங்கம் மீள்காப்புறுதி தர முன்வந்தது. ஆனால் அன்றாடம் நடக்கும் உடைப்பும் கொள்ளையும் அந்தத் திட்டங்களுக்குள் அடங்கவில்லை.

அந்த இடைவெளியை அடைக்க வந்ததே 1970 டிசம்பர் இறுதியில் சட்டமாகி, 1971 ஓகஸ்டில் விற்பனைக்கு வந்த மத்திய அரசின் குற்றக் காப்புறுதித் திட்டம். வீடமைப்பு, நகர அபிவிருத்தித் திணைக்களத்தின் கீழ், ஜோர்ஜ் பேர்ன்ஸ்ரீன் என்ற காப்புறுதி நிர்வாகியின் பொறுப்பில் அது இயங்கியது. தனியார் சந்தையில் நியாயமான விலைக்குக் காப்புறுதி கிடைக்காத மாநிலங்களிலேயே அது விற்கப்பட்டது. நியூயோர்க், இலினோய், பென்சில்வேனியா, தலைநகர் வாஷிங்டன் ஆகியவை தொடக்கத்திலேயே சேர்ந்தன. கடைக்காரருக்கு உயர்ந்தபட்ச நட்டஈடு 15,000 டொலர். தவணைப் பணம் மூன்று விடயங்களைப் பொறுத்தது: கடை எந்த வகை, ஆண்டு விற்பனை எவ்வளவு, அந்த நகர்ப்பகுதியின் குற்ற விகிதம் எத்தகையது. ஒரே நகர்ப்பகுதிக்குள் இந்தத் தெரு, அந்தத் தெரு என்ற பாகுபாடு கிடையாது. எல்லாவற்றிலும் முக்கியமாக, நட்டஈடு கேட்டார் என்ற காரணத்துக்காக எவருடைய பத்திரத்தையும் நிறுத்த முடியாது. இரண்டுமுறை உடைக்கப்பட்டதனால் மூன்றாம் முறை கைவிடப்பட்ட கடைக்காரருக்கு இந்த ஒரு வரி எவ்வளவு பெறுமதியானது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அதற்கு ஈடாக அரசாங்கம் பூட்டைக் கேட்டது. கதவுக்கு எத்தகைய தாழ்ப்பாள், எட்டக்கூடிய யன்னலுக்கு எத்தகைய தடுப்பு, எந்த வகைக் கடைக்கு எத்தகைய அபாய மணி என்று விதிகள் வகுக்கப்பட்டன. நகைக்கடை போன்றவற்றுக்குக் கடுமையான விதி. அதிகாரி வந்து பார்வையிட்டபின்பே பத்திரம். திட்டத்தை வகுத்தோர் இதனால் கடைகள் பாதுகாப்பாகும், குற்றமும் குறையும் என்று எதிர்பார்த்தனர். ஆனால் அபாய மணிக்கான செலவைச் சுமக்கமுடியாத கடைக்காரரே இந்தப் பத்திரம் மிகவும் தேவைப்பட்டவர்.

விற்பனை எதிர்பார்த்த அளவுக்கு ஓடவில்லை. காரணம் பொருளில் மட்டுமல்ல, விற்பவரிடமும் இருந்தது. பத்திரத்தை விற்கவேண்டியவர் அதே தனியார் முகவர். தவணைப் பணம் சிறிது. ஆதலால் தரகும் சிறிது. படிவமோ நீளம், பார்வையிடல் வேறு. அந்தத் தெருக்களுக்கே போய்ப் பழகாத முகவர், சில டொலர் தரகுக்காகப் புதிதாகப் போகவில்லை. இப்படியொரு திட்டம் இருப்பதே பல கடைக்காரருக்குத் தெரியவில்லை. தெரிந்து வாங்கியோரில் பெரும்பங்கினர் நியூயோர்க் மாநிலத்தவர். அதிக ஆபத்துள்ளோர் மட்டும் ஓரிடத்தில் திரண்டதால் வசூலான பணம் நட்டஈட்டுக்குப் போதாமல் அரசாங்கம் கைப்பணம் போடவேண்டியிருந்தது. 1979இல் அவசரகால முகாமைத்துவ முகவரகத்துக்கு மாற்றப்பட்ட திட்டம், 1990களின் நடுப்பகுதியில் கைவிடப்பட்டது. கணக்கை மட்டும் பார்ப்பவர் இதைத் தோல்வி என்பார். என்னால் அப்படிச் சொல்லமுடியவில்லை. இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சில பல்லாயிரம் கடைகளின் கதவுகள் காலையில் மறுபடி திறந்ததற்கு அந்தக் கணக்கில் நிரல் இல்லை.

இலங்கையில் நடந்ததும் இங்கே நினைவுக்கு வருவது தவிர்க்கமுடியாதது. 1983 ஜூலையில் கொழும்பிலும் பிற நகரங்களிலும் தமிழரின் கடைகளும் தொழிற்சாலைகளும் எரிந்தபோது பொதுக் காப்புறுதி அரச கூட்டுத்தாபனங்களிடமே இருந்தது. கலவர ஆபத்தைச் சாதாரண வணிகமாக எவரும் ஏற்க விரும்பாத நிலையில், 1987இல் வேலைநிறுத்தம், கலவரம், பயங்கரவாதம் ஆகியவற்றுக்கான தனி நிதியத்தை அரசாங்கம் அமைத்தது. 2006ஆம் ஆண்டின் சட்டத்தின் மூலம் உருவான தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியத்தின் பொறுப்பில் அது பின்னர் வந்தது. ஆனால் இரவில் கடை உடைக்கும் சாதாரணக் கள்வனுக்கு எதிராக, அமெரிக்கா செய்ததுபோல் அரசாங்கம் நேரே சிறு கடைக்காரரிடம் போன திட்டம் அதுவல்ல.

முகவர் போகாத தெருவுக்கு வேறு சிலர் போனார்கள். 1992 ஏப்ரல் 29இல் லொஸ் ஏஞ்சலிஸ் கலவரம் வெடித்தபோது கொரியக் குடியேற்றவாசிகளின் கடைகள் பெருமளவில் சூறையாடப்பட்டன, எரிக்கப்பட்டன. அவர்களிற் பலரிடம் பத்திரம் இருந்தது. தவணைப் பணமும் ஒழுங்காகக் கட்டியிருந்தார்கள். சாம்பலை அள்ளி முடித்தபின் பத்திரத்தைப் புரட்டிப் பார்த்தபோதுதான், அதை எழுதிய கம்பனிகள் கலிபோர்னியாவில் உரிமம் பெறாதவை, எங்கோ கடல்கடந்த தீவுகளில் பதிவானவை என்பது பலருக்குத் தெரியவந்தது. பத்திரத்திலிருந்த முகவரிக்கு அனுப்பிய கோரிக்கைகளுக்குப் பணம் வந்துசேரவில்லை.